கொப்பிக்கு ஒரு கவசம்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. மனிதரைக் குறித்துச் சொன்ன வார்த்தை கொப்பிக்கும் பொருந்தும் என்பதை நம் தாய்மார் நன்கு அறிவர். ஆண்டுத் தொடக்கத்திலே மணம் மாறாத புதுக் கொப்பியோடு பாடசாலைக்குப் புறப்படுகிறான் பிள்ளை. இரண்டு மாதம் கழிவதற்குள் அந்தக் கொப்பியின் மூலைகள் நாய்க்காதுபோல மடிந்துவிடுகின்றன. மட்டை ஒரு பக்கத்தில் தொங்குகிறது. நடுத்தாள் கம்பியை விட்டுக் கழன்று, எந்தப் பாடத்துக்கு உரியது என்று தெரியாமல் பையின் அடியிலே கசங்கிக் கிடக்கிறது. பரீட்சை வருகின்ற நாளில் வேண்டிய கணக்கு அந்தத் தாளிலேதான் இருக்கும் என்பது உலக வழக்கு!

இதற்கு மாற்றாகக் கடையிலே பொலித்தீன் உறை விற்கிறார்கள். அது ஓராண்டு உழைத்தால் பெரிது. மூன்று தலைமுறைக்கு உழைக்கக்கூடிய ஒரு மட்டையை, வீட்டிலே கழித்துப்போடும் பொருள்களைக் கொண்டே செய்துகொள்ளலாம் என்று சொன்னால் வாசகர் நம்பத் தயங்குவர். நானும் ஒரு காலத்தில் நம்பவில்லை. எங்கள் வீட்டுப் பெட்டியிலே இருக்கும் ஒரு பழைய கொப்பிதான் என்னை நம்பவைத்தது.

வீடு விட்டு வந்த கொப்பி

தெல்லிப்பழையிலே வாழ்ந்த என் தாய்வழிப் பாட்டனார் எழுதி வைத்த கொப்பி அது. கிணறு வெட்டிய செலவு, புகையிலைக் கன்று நட்ட கணக்கு, மாடு கன்று ஈன்ற நாள், குழந்தைக்கு மாந்தம் கண்டால் கொடுக்கும் கைமருந்து, பிள்ளைகள் பிறந்த நாழிகையும் நட்சத்திரமும், யார் யாருக்கு எவ்வளவு கைமாற்றுக் கொடுத்தது என்ற விவரம் என எல்லாம் அதிலே உண்டு. குடும்பத்தின் சரித்திரம் என்று சொன்னால் மிகையாகாது.

1990 ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் வீடு வாசல்களை விட்டுப் புறப்பட நேர்ந்தது. நாலு நாளில் திரும்பி வந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு, அந்த நாலு நாள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீண்டுபோயிற்று. எங்கள் அம்மம்மா அன்று எடுத்த துணிப்பையிலே இரண்டு சேலை, காணி உறுதி, இந்தக் கொப்பி ஆகிய மூன்றுமே இருந்தன. வழியிலே ஒரு மரநிழலில் இளைப்பாறியபோது அயல்வீட்டு மூதாட்டி பையினுள் எட்டிப் பார்த்தாராம்.

“என்ன பிள்ளை, அலுமாரியை விட்டிட்டு இந்தக் கொப்பியையோ தூக்கிக்கொண்டு வந்தனீ?”

“அலுமாரியை உழைச்சு வாங்கலாம் ஆச்சி. பிள்ளையள் பிறந்த நேரத்தை எந்தக் கடையிலை வாங்கிறது?” என்றாராம் அம்மம்மா.

அந்தக் கொப்பி மழையில் நனைந்தது. பாடசாலை மண்டபத்திலே தலையணையாக இருந்தது. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவிலே மீண்டும் பையில் ஏறித் தென்மராட்சிக்குச் சென்றது. பல ஆண்டுகளின் பின் எம்மவர் தெல்லிப்பழைக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அலுமாரி நின்ற இடத்தில் ஆலங்கன்று நின்றது. அலுமாரியிலே விட்டு வந்த அச்சுப் புத்தகங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கூடவே வந்த கையெழுத்துக் கொப்பியின் எழுத்தோ ஒன்றும் அழியாமல் இருக்கிறது.

எடுத்து வந்தபடியால் தப்பியது என்பது உண்மைதான். ஆனால் அத்தனை அலைச்சலிலும் தாள் கலையாமல் தப்பியதற்கு அதன் மட்டையே காரணம். ஒரு நாள் அதன் மூலை சற்றே பிரிந்திருந்ததைக் கண்டு உள்ளே பார்த்தேன். ஆட்டுத்தோலும் இல்லை, சீமைத் துணியும் இல்லை. சாயம் போன பழைய சாரத் துண்டு. அதற்குள்ளே இரண்டாக ஒட்டிய கடதாசி மட்டை. ஒட்டியது கோதுமை மாப் பசை. அவ்வளவுதான்.

ஏட்டுக்குச் சட்டம்

எழுத்துக்குக் கவசம் இடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. கடதாசி வருமுன் நம் முன்னோர் பனையோலையிலே எழுதினர். பதப்படுத்திய ஓலைகளை ஓரளவாக நறுக்கி, துளையிட்டு, ஒரு துளையிலே நாராசம் எனப்படும் கம்பியையோ குச்சியையோ செருகி, மற்றத் துளையிலே கயிற்றைக் கோத்துக் கட்டினர். கயிறு உருவிக்கொள்ளாதபடி அதன் முனையிலே ஓலையினால் கிளியின் மூக்குப்போலக் கத்தரித்த துண்டு ஒன்றை முடிந்து வைப்பர். அதற்குக் கிளிமூக்கு என்றே பெயர். இவற்றுக்கெல்லாம் மேலும் கீழும் ஓலையின் அளவுக்குச் சற்றுப் பெரிதான இரண்டு மரச் சட்டங்கள் உண்டு. அடி விழுந்தால் சட்டத்தில் விழும். உள்ளே இருக்கும் ஓலையின் விளிம்பு பிழைத்துக்கொள்ளும்.

சட்டம் போன ஏட்டுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதை அறிய வேண்டுமானால் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் வரலாற்றைப் பார்க்கவேண்டும். 1832 ஆம் ஆண்டு சிறுப்பிட்டியிலே பிறந்த இப்பெரியார், தெல்லிப்பழை அமெரிக்க மிசன் பாடசாலையிலும் பின்னர் வட்டுக்கோட்டைச் செமினறியிலும் கற்றவர். வீரசோழியத்தை 1881 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அதற்காக ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தார். கிடைத்தவற்றுட் பல, கட்டை அவிழ்க்கவும் அஞ்சும் நிலையிலே இருந்தன. தொட்ட இடம் பொடியாகிறது. மிஞ்சிய இடத்திலும் எழுத்தைப் பூச்சி தின்றிருக்கிறது. இந்த வேதனையை அவர் தம் பதிப்புரையிலே எழுதி வைத்திருக்கிறார். பேணுவார் இன்மையால் ஒரு நூல் அழிவதென்பது அவருக்கு ஏட்டுக் கதையன்று. கையிலே உதிர்ந்த கதை.

ஓலை போய்க் கடதாசி வந்தது. ஆனால் மேலும் கீழும் இரண்டு கடினமான சட்டம், இடையிலே ஒரு கயிறு என்ற அந்த ஏற்பாட்டின் நுட்பம் மாறவில்லை. ஓலை மாறினாலும் சட்டமும் கயிறும் நிலைத்திருந்தன அல்லவா? கீழே நாம் செய்யப்போகும் மட்டையும் இந்த ஏற்பாட்டையே பின்பற்றுகிறது. கொப்பி முடிந்தால் கயிற்றைத் தளர்த்தி அதை எடுத்துவிட்டுப் புதுக் கொப்பியை வைக்கலாம். மட்டை நிலைத்திருக்கும்.

அச்சகமும் காலிக்கோவும்

தெல்லிப்பழைக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவு நீண்டது. அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்தபோது முதலில் அமைத்த நிலையங்கள் தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் ஆகும். டானியல் பூவர் என்பார் தெல்லிப்பழையிலே கல்விப்பணியைத் தொடங்கினார். இன்றைய யூனியன் கல்லூரி அந்த ஆண்டிலிருந்தே தன் வரலாற்றை எண்ணுகிறது. மிசனுக்குரிய அச்சியந்திரம் 1834 ஆம் ஆண்டளவில் மானிப்பாயிலே இயங்கத் தொடங்கிற்று. 1841 ஆம் ஆண்டு ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவரலாயிற்று. இருபதாம் நூற்றாண்டிலே மிசன் அச்சகம் தெல்லிப்பழையிலே நடந்தது. ஜோன் மார்ட்டின் என்பவர் ஆங்கிலத்தில் எழுதிய யாழ்ப்பாணக் குறிப்புகள் என்னும் நூல் 1923 ஆம் ஆண்டு அங்கே அச்சாயிற்று.

அச்சகம் இருக்குமிடத்தில் புத்தகங் கட்டும் தொழிலும் இருக்கும். தாளை மடிப்பது, தைப்பது, மட்டை வெட்டுவது, துணி ஒட்டுவது எல்லாம் கைவேலையாகவே நடந்த காலம் அது. பழைய புத்தக விளம்பரங்களிலே ‘காலிக்கோ பைண்டு’ என்று போட்டிருப்பதை வாசகர் கண்டிருப்பர். காலிக்கோ என்னும் பருத்தித் துணி, கோழிக்கோட்டுத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கியது. ஐரோப்பாவிலே நெடுங்காலம் புத்தகத்துக்குத் தோலே போர்த்தினர். 1820களிலே இங்கிலாந்துப் பதிப்பாளர் பருத்தித் துணிக்குப் பசையூட்டி, அதனால் மட்டை கட்டத் தொடங்கினர். தோலைவிட மலிவு, கடதாசியைவிட உறுதி. ஆகவே உலகமெங்கும் பரவிற்று. பருத்தித் துணியும் மாப்பசையும் சேர்ந்தால் எவ்வளவு உறுதி பிறக்கும் என்பதை நம் சலவைத் தொழிலாளர், வேட்டிக்குக் கஞ்சி போடும்போதெல்லாம் காட்டி வந்திருக்கிறார்கள்!

கொப்பியின் பகைவர் யாவர்?

கவசம் செய்யுமுன் பகைவரை அறியவேண்டும்.

முதற் பகை மடிப்பு. மட்டையும் முதுகும் சேரும் இடத்திலே கொப்பி நாள்தோறும் பலமுறை திறந்து மூடப்படுகிறது. கடதாசியின் நார்கள் ஒரே கோட்டிலே மீண்டும் மீண்டும் மடிந்தால் அறுந்துபோகும். நெய்த துணியின் இழைகளோ வளைந்து கொடுக்கும். ஆதலின் முதுகுக்குத் துணி இன்றியமையாதது.

இரண்டாம் பகை மூலையில் விழும் அடி. இதைத் தாங்குவது மட்டையின் தடிப்பு. மட்டை கொப்பியைவிடச் சற்றே வெளியே நீண்டிருந்தால் அடி தாளை எட்டாது.

மூன்றாம் பகை ஈரம். யாழ்ப்பாணத்திலே மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிறது. அக்காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும். பொலித்தீன் உறை மழைத்துளியைத் தடுக்கும் என்பது மெய்யே. ஆனால் உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேறவும் விடாது. தாள் பூசணம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். துணிமட்டை நனைந்தாலும் விரித்து வைத்தால் காய்ந்துவிடும்.

நான்காம் பகை இராமபாணம் முதலிய பூச்சிகள். மாப்பசை இவற்றுக்கு விருந்து. ஆகையால் பசையை மெல்லியதாகப் பூசுவதும், நன்றாகக் காயவிடுவதும், கொப்பியை அடிக்கடி கையாளுவதும் வேண்டும். எடுத்துப் புரட்டப்படும் கொப்பியிலே பூச்சி குடியேறாது.

ஐந்தாம் பகை நம்முடைய அவசரம். கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டுவது சுலபம். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகிப் பிரிந்துவிடும். அதன் பிசின் மட்டும் தாளிலே கறையாக ஊறி நிற்கும். நெடுநாள் வைத்திருக்க வேண்டிய எதற்கும் அது ஆகாது.

வேண்டிய பொருள்கள்

பழைய பருத்தித் துணி: வேட்டி, சாரம், சேலை, படுக்கை விரிப்பு எதுவும் ஆகலாம். நைலோன் கலந்த துணியில் மாப்பசை பற்றாது. ஒரு நூலை உருவி எரித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: பருத்தி கடதாசிபோல எரிந்து மெல்லிய சாம்பலாகும், நைலோன் உருகி முத்தாகத் திரளும். இந்தச் சோதனையைப் பெரியவரே செய்யவேண்டும்.

மட்டை: கலண்டரின் பின்மட்டை, புதுச் சட்டையின் மடிப்பினுள் வரும் மட்டை முதலியன. இரண்டு அல்லது மூன்றைச் சேர்த்து ஒட்டி, ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பாக்கிக்கொள்ளலாம். மினுங்கும் பக்கம் இருந்தால் மணற்கடதாசியால் தேய்த்துவிடவேண்டும். உள்ளே நெளிநெளியாகக் குழாய் ஓடும் பெட்டி மட்டை வேண்டாம், அது அமுங்கிவிடும்.

இவற்றோடு வெள்ளைத் தாள் சில, பழைய கலண்டர் தாள் இரண்டு, கோதுமை மா, கராம்பு நாலைந்து, தடித்த பருத்தி நூல், மெழுகுதிரித் துண்டு, அடிமட்டம், பென்சில், கத்தரிக்கோல், கூரிய கத்தி, சாக்கூசி, பூசுவதற்கு ஒரு தூரிகை, பாரம் வைக்க நாலு செங்கல் அல்லது வீட்டு அம்மி. இவ்வளவே.

பசை காய்ச்சும் வகை

மேசைக்கரண்டியால் 3 கரண்டி கோதுமை மாவை எடுத்துக்கொள்க. 15 கரண்டி நீரிலே கராம்பைப் போட்டுக் கொதிக்கவைத்து வடித்து ஆறவிடுக. ஆறிய நீரிலே சிறிதை மாவில் விட்டுக் கட்டி இல்லாமல் கரைத்து, பின் மிகுதி நீரையும் சேர்த்து, சிறு நெருப்பிலே வைத்து விடாமல் துழாவுக. ஏறக்குறைய 60 பாகை சூட்டிலே மாவின் மணிகள் நீரை உண்டு வீங்கி வெடிக்கத் தொடங்கும். வெண்மை நீங்கிக் கண்ணாடித்தன்மை வந்து, அகப்பையிலே பற்றும் பதத்தில் இறக்கி, துணியில் வடித்து ஆறவிடுக. ஆடை படிந்தால் எடுத்துவிடுக.

முன்னாளிலே புத்தகங் கட்டுவோர் பூச்சி அண்டாதிருக்கப் பசையிலே துருசு சேர்ப்பர். துருசு நஞ்சு. பிள்ளைகள் தொடும் கொப்பிக்கு அது வேண்டவே வேண்டாம். கராம்பு நீர் பசை புளிப்பதைச் சற்றுத் தாமதப்படுத்தும்; ஆயினும் ஒன்றிரண்டு நாளுக்குமேல் வைத்திராமல் புதிதாகக் காய்ச்சுவதே முறை.

துணியைப் பதப்படுத்தல்

மெல்லிய துணியை அப்படியே மட்டையில் ஒட்டினால் பசை மறுபுறம் கசிந்து திட்டுத்திட்டாகக் கறைபடியும். இதைத் தவிர்க்க ஓர் உபாயம் உண்டு. பொலித்தீன் விரிப்பின்மேல் துணியை, நல்ல பக்கம் கீழாக விரித்து, நீர் தெளித்துச் சுருக்கம் நீக்குக. வெள்ளைத் தாளுக்கு மெல்லியதாகப் பசை பூசி, துணியின் மேல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நீவுக. நிழலிலே காயவிட்டு உரித்தெடுத்தால், ஒரு பக்கம் துணியும் மறுபக்கம் தாளுமாக, விறைப்பான ‘வீட்டுக் காலிக்கோ’ கிடைக்கும்.

அளவு

கொப்பியை அளந்தே தொடங்கவேண்டும். எடுத்துக்காட்டாக, கொப்பியின் உயரம் 200 மில்லிமீற்றர், அகலம் 160, தடிப்பு 8 என்று கொள்வோம். மட்டையின் உயரம், கொப்பியின் உயரத்துடன் 6 கூட்ட வருவது: 206. மட்டையின் அகலம், கொப்பியின் அகலத்தில் 3 குறைய வருவது: 157. இவ்வளவில் இரண்டு மட்டை வெட்டுக. முதுகுத் துண்டின் அகலம், கொப்பியின் தடிப்புடன் 2 கூட்ட வருவது: 10. இது ஒற்றை மட்டையாக இருத்தல் போதும். மட்டைக்கும் முதுகுத் துண்டுக்கும் இடையே இருபுறமும் 6 மில்லிமீற்றர் வெளி விடவேண்டும். இந்த வெளிதான் மட்டையின் கீல். இதை விடாது ஒட்டினால் மட்டை திறக்க மறுக்கும். மட்டையின் அகலத்திலே 3 குறைத்ததும் இந்தக் கீலுக்காகவே. கீலையும் சேர்த்துக் கணக்கிட்டால், மட்டை கொப்பியின் வெளியோரத்தை 3 மில்லிமீற்றர் தாண்டி நிற்கும்.

துணியின் அளவோ, எல்லாவற்றையும் கூட்டி, நாலு பக்கமும் மடிப்பதற்கு 20 வீதம் சேர்த்து, அகலம் 376, உயரம் 246 ஆகும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம். கடதாசிக்கும் மட்டைக்கும் நார் ஓடும் திசை உண்டு. மட்டையை மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாக இலகுவில் வளையும். மற்றப் பக்கமாக முரண்டு பிடிக்கும். இலகுவில் வளையும்போது உண்டாகும் மடிப்புக் கோட்டின் திசையே நாரின் திசை. அது கொப்பியின் முதுகுக்கு ஒத்தபடி மேலிருந்து கீழாக ஓடவேண்டும். குறுக்காக ஓடினால் மட்டை அப்பளம்போலக் கோணிக்கொள்ளும். பல மட்டைகளைச் சேர்த்து ஒட்டும்போதும் எல்லாவற்றின் நாரும் ஒரே திசையில் இருத்தல் அவசியம். ஒட்டிய மட்டை பாரத்தின்கீழ் நன்கு காய்ந்த பின்னரே வெட்டவேண்டும்.

ஒட்டும் முறை

பதப்படுத்திய துணியின் தாள் பக்கத்தில் பென்சிலால் மட்டைகளின் இடங்களைக் கோடிடுக. ஒவ்வொரு மட்டைக்கும் பசை பூசி, கோட்டில் பொருந்த வைத்து அழுத்துக. துணியின் நாலு மூலைகளையும் சாய்வாக வெட்டுக. மட்டையின் மூலையோடு ஒட்ட வெட்டிவிடாமல், மட்டைத் தடிப்பின் ஒன்றரை மடங்கு, அதாவது 3 மில்லிமீற்றர், விட்டு வெட்டவேண்டும். இல்லையேல் மூலையிலே மட்டை வெளியே தெரியும். முதலில் தேய்வதும் அந்த மூலையே.

மேல் கீழ் விளிம்புகளுக்குப் பசை பூசி முதலில் மடித்து ஒட்டுக. மூலையிலே சிறு கிண்ணிபோல நிற்கும் துணியை நகத்தால் உள்ளே செருகி, பின்னர் பக்க விளிம்புகளை மடிக்கவேண்டும். கரண்டிக் காம்பினால் கீல் வெளியை மேலிருந்து கீழாக நீவினால், அது சிறு வாய்க்கால்போல ஆழ்ந்து படியும்.

இனி உட்புறம். 62 மில்லிமீற்றர் அகலமும் 200 நீளமும் உள்ள துணித்துண்டு ஒன்றை முதுகின் உள்ளே ஒட்டிக் கீல்களில் நன்றாகப் படியவிடுக. இதனால் முதுகுக்கு இரட்டைத் துணி ஆயிற்று. அதன்மேல் இரு மட்டைகளுக்கும் 150க்கு 200 அளவிலே கலண்டர் தாள் ஒட்டுக. இது அழகுக்காக மட்டும் அன்று. பசை பட்ட துணி காயும்போது சுருங்கி மட்டையை வெளிப்புறம் இழுக்கும். உள்ளே ஒட்டிய தாள் காயும்போது அது உட்புறம் இழுக்கும். இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று சமன் செய்ய, மட்டை நிமிர்ந்து நிற்கும். இல்லறத்துக்கும் இது பொருந்தும் என்று யாரேனும் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்!

மட்டையை விரித்தபடி வெள்ளைத் தாள்களுக்கு இடையில் வைத்துப் பலகை மூடிப் பாரம் ஏற்றுக. ஒரு மணி நேரம் சென்றபின் ஈரமான தாள்களை மாற்றி, ஓர் இரவும் ஒரு பகலும் அப்படியே விடுக. மழைக்காலமாயின் இன்னும் ஒரு நாள். வெயிலிலே காயவைத்தல் கூடாது. அவசரப்பட்டு எடுத்தாலும் கோணும். எங்கள் அம்மம்மா அம்மியை மேலே வைத்துவிட்டு, “நாளையிண்டைக்குத்தான் எடுக்கலாம். அதுவரையும் அம்மியைத் தொடப்படாது” என்று கட்டளையிடுவார். அன்றைக்குச் சம்பல் கிடையாது.

கயிறு கோத்தல்

முதுகின் வெளிப்புறத்திலே, மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் 10 மில்லிமீற்றர் உள்ளே, மெழுகு தேய்த்த நூலினால் சிறு கண்ணி ஒவ்வொன்று தைத்துக்கொள்க. காற்சட்டையில் இடுப்புவார் செல்லும் கண்ணி போன்றது இது. நாலு இழை நூலை முறுக்கி மெழுகு தேய்த்து, 65 சென்ரிமீற்றர் நீளமான கயிறு ஆக்குக. அதை முதுகின் வெளியே இரண்டு கண்ணிகளுக்கூடாகவும் செலுத்தி, மேல் விளிம்பைச் சுற்றி உள்ளே கொண்டுவந்து, கொப்பியின் நடுப்பக்கத்தை விரித்து அந்த மடிப்பின்மேல் ஓடவிட்டு, கீழ் விளிம்பைச் சுற்றி வெளியே கொண்டுசென்று இழுத்து, அவிழ்க்கக்கூடிய முடிச்சாகப் போடுக. கொப்பி அசையாது. முதுகுத் துண்டைச் சற்று அகலமாக வெட்டி, இரண்டு கயிறு இட்டால் இரண்டு கொப்பிகளையும் ஒரே மட்டைக்குள் வைக்கலாம்.

கடைசியாக, மெழுகுதிரியை வெளித்துணியின்மேல் மெல்லத் தேய்த்து, உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டால், மழைத்துளி பட்டவுடன் ஊறாமல் உருண்டோடும்.

கத்தியும் நெருப்பும் பெரியவர் கையிலே இருக்கட்டும். அளப்பதும் பூசுவதும் முறுக்குவதும் பிள்ளைகள் கையிலே இருக்கட்டும். தன் கையால் கட்டிய கொப்பியை எறிந்து விளையாடும் பிள்ளையை நான் கண்டதில்லை.

மட்டைக்கு உள்ளே என்ன இருக்கவேண்டும்?

2022 ஆம் ஆண்டிலே நம் நாட்டிற்குக் கடதாசி வாங்கவும் அந்நியச் செலாவணி இன்றி, மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். அக்காலத்தில் கொப்பியின் விலை கேட்டுத் திகைத்த பெற்றோர் பலர். ஒரு தாளின் அருமை அன்று தெரிந்தது. கிழியாமல் பேணிய கொப்பியின் கடைசிப் பக்கம்வரை எழுதலாம். அண்ணனுடைய குறிப்பு தம்பிக்கும் உதவும்.

எந்த மட்டையும் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. தோல்மட்டையும் துணிமட்டையும் மரச்சட்டமும் தீயின்முன் ஒன்றே. ஆகவேதான் பழைய கையெழுத்துக் கொப்பி வைத்திருப்போர் அதற்குப் படியும் எடுத்துவைத்தல் வேண்டும். 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தார் இத்தகைய ஆவணங்களைப் படமெடுத்துப் பேணும் பணியைச் செய்து வருகின்றனர். மட்டை கொப்பியைக் காக்கும். படி எழுத்தைக் காக்கும். இரண்டும் வேண்டும்.

சென்ற நவராத்திரியின்போது அம்மம்மாவின் கொப்பியைச் சரஸ்வதி படத்தின்முன் வைத்தோம். அதன் பிரிந்த மூலையை நான் பசையிட்டு ஒட்டியிருந்தேன். விஜயதசமி அன்று அதைத் திரும்ப எடுத்தபோது என் மகள் கேட்டாள்: “அம்மா, இதிலை உங்கடை பிறந்த நேரம் இருக்கு. என்ரை எங்கை?”

விடை சொல்ல முடியவில்லை. பாட்டனாருக்குப் பின் அந்தக் கொப்பியிலே எவரும் எழுதவில்லை. அன்று மாலையே பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுத்து, மேலே சொன்ன முறைப்படி தாயும் மகளுமாகப் புது மட்டை ஒன்று கட்டினோம். மூன்றாம் நாள் அம்மியை இறக்கிவைத்து, கயிறு கோத்து, முதற் பக்கத்திலே அவள் பிறந்த நாளையும் நாழிகையையும் எழுதினேன். அடுத்த பக்கத்திலே அவள் தன் கையெழுத்தில், பசைக்கு மா எத்தனை கரண்டி, நீர் எத்தனை கரண்டி என்று எழுதிவைத்தாள்.